சுருளைத் தின்றவர்கள்

எரேமியா புத்தகத்தின் 36ஆம் அதிகாரத்தில் ஒரு சுருள் எரிகிறது. யூதாவின் அரசன் யோயாக்கீம் குளிர்கால மாளிகையில் உட்கார்ந்திருக்கிறான். எதிரே கணப்பில் நெருப்பு. யெகுதி என்பவன் தீர்க்கதரிசியின் சொற்களை வாசித்துக்கொண்டே வருகிறான். மூன்று நான்கு பத்தி முடியும்போதெல்லாம் அரசன் எழுத்தரின் கத்தியால் அந்தத் துண்டை அறுத்துத் தீயில் போடுகிறான். இப்படியே முழுச் சுருளும் தீர்ந்துவிடுகிறது. கி.மு. 604ஐ ஒட்டி நடந்தது இது. பத்துப் பதினோரு வருஷம் கழித்து பாபிலோனில், கேபார் ஆற்றங்கரையில், நாடு கடத்தப்பட்டவர்களோடு இருந்த எசேக்கியேல் என்ற ஆசாரியனின் கண்முன் இன்னொரு சுருள் விரிகிறது. அதுவும் இல்லாமல் போகிறது. அது போன இடம் அவருடைய வயிறு.

இந்த இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்து வாசிக்கிற சுகமே தனி. பொறுக்க முடியாத ஒரு சொல் வந்து சேர்ந்தால் அதை என்ன செய்வது? அரசன் கொளுத்தினான். ஆனால் எரேமியா மறுபடி சொல்ல, அவருடைய எழுத்தர் பாருக் மறுபடி எழுத, எரிந்ததைவிடப் பெரிய சுருள் ஒன்று உருவாகிவிட்டது. எசேக்கியேல் விஷயத்தில் யாரும் எதையும் கொளுத்த வழியில்லை. ஒரு மனிதனின் உடம்புக்குள் போய்விட்ட சொல்லை எந்த அரசன் தேடிப் பிடிப்பான்? வேதாகமத்தின் உருவகங்களில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது இந்த உண்ணும் உருவகத்தின் முன்னால்தான். மற்ற உருவகங்கள் கண்ணுக்கும் காதுக்கும் வேலை கொடுக்கின்றன. இது நாக்கில் தொடங்கிக் குடல்வரை இறங்குகிறது.

எசேக்கியேலின் காட்சி எவ்வளவு கச்சிதமாகச் செய்யப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒரு கை நீள்கிறது. யாருடைய முகமும் இல்லை, கை மட்டும். அதில் உள்ள சுருள் முன்னும் பின்னும் எழுதப்பட்டிருக்கிறது. சுருளில் பொதுவாக ஒரு பக்கம்தான் எழுதுவார்கள். இங்கே ஓரத்தில்கூட இடமில்லை. தீர்க்கதரிசி தன் பங்குக்கு ஒரு வரி சேர்க்க வழியே கிடையாது என்று நான் வாசித்துக்கொள்கிறேன். எழுதியிருப்பது என்ன? புலம்பல், துக்கம், ஐயோ. அதாவது ஒப்பாரி. வாயைத் திற என்கிறது குரல். தின்னு என்கிறது. வயிற்றை நிரப்பிக்கொள் என்கிறது. அவர் தின்கிறார், வாயில் அது தேன்போல இனிக்கிறது.

ஒப்பாரி ஏன் இனித்தது? எழுதியவர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் அந்தக் காட்சியின் உயரம். கெட்டிக்காரத்தனமாக ஒரு விளக்கம் வைத்திருந்தால் இரண்டாயிரத்தைந்நூறு வருஷம் இது உயிரோடு இருந்திருக்காது.

தென்மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்த நீண்ட கை அந்நியமானதல்ல. பிள்ளை பிறந்ததும் வீட்டில் ஒரு பெரியவர் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ விரலில் தொட்டு நாவில் வைப்பார். சேனை வைப்பது என்போம். வைக்கிறவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. பிற்பாடு அந்தப் பிள்ளை வாயடித்தாலும், பிடிவாதம் பிடித்தாலும், "இவனுக்கு யாரு சேனை வச்சது?" என்று கேட்பார்கள். கேபார் ஆற்றங்கரையில் நடந்ததை அதைவிடத் தெளிவாக எனக்கு எந்த விரிவுரையும் விளக்கவில்லை. கொடுக்கிறவரின் குணம் உண்கிறவருக்குள் இறங்குகிறது. இனிமேல் இவர் வாயைத் திறந்தால் அவர் பேச்சு வரும். உண்டவுடன் எசேக்கியேலுக்குக் கிடைக்கும் கட்டளையும் அதுதான்: போய்ப் பேசு.

இடைக்காலத்தில் ஜெர்மனிப் பகுதி யூதர்கள் இந்தக் காட்சியைச் சடங்காகவே ஆக்கிவைத்திருந்தார்கள். முதன்முதலாக எழுத்துப் படிக்க வரும் பிள்ளைக்குப் பலகையில் எழுத்துகளை எழுதி, மேலே தேன் தடவி நக்கச் சொல்வார்கள். வேத வசனம் எழுதிய பணியாரமும் அவித்த முட்டையும் தின்னக் கொடுப்பார்கள். நம் ஊர் முஸ்லிம்களிடம் வசனத்தைப் பீங்கான் தட்டில் எழுதி, கரைத்துக் குடிக்கக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. எழுத்தை உடம்புக்குள் அனுப்ப வேண்டும் என்ற ஆசை ஒரு மதத்தோடு நிற்பதில்லை. ஆனால் கரைத்துக் குடிப்பது குடிப்பவரின் சுகத்துக்காக. எசேக்கியேல் தின்றது அடுத்தவருக்காக.

அதனால்தான் அவருடைய கதை தேனோடு முடியவில்லை. மூன்றாம் அதிகாரத்தைக் கொஞ்சம் கீழே வாசித்தால் அவர் மனம் கசந்து, உள்ளம் கொதித்துப் போகிறார். தெலாபீபில் தன் ஜனங்களிடம் வந்து ஏழு நாள் திகைத்து உட்கார்ந்திருக்கிறார். தேனுக்கும் இந்தக் கசப்புக்கும் நடுவில் பத்து வசனம் கிடக்கிறது. பத்மு தீவில் தரிசனம் கண்ட யோவான் செய்த காரியம், அந்த இடைவெளியை எடுத்துவிட்டதுதான். வெளிப்படுத்தின விசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில் தூதன் சிறு புத்தகத்தை நீட்டுகிறான். அதே தேன் வாயில். ஆனால் வயிற்றில் போனதும் கசப்பு. இரண்டும் ஒரே வசனத்துக்குள். பழைய பாடம் ஒன்றை வாங்கி, அதில் ஒளிந்திருந்ததை முன்னால் கொண்டுவந்து வைக்கிற கை அது. கற்பனை வளம் என்று பலர் அந்த நூலின் மிருகங்களையும் எக்காளங்களையும் புகழ்வார்கள். என் ஓட்டு இந்த ஒரு வசனத்துக்கு.

ஓவியத்தில் இதைத் தொட்டவர்களில் ஆல்பிரெக்ட் டியூரர் முக்கியமானவர். 1498இல், இருபத்தேழு வயதில், வெளிப்படுத்தின விசேஷத்துக்குப் பதினைந்து மரச்செதுக்குப் படங்கள் வெளியிட்டார். அவற்றில் ஒன்று யோவான் புத்தகத்தை விழுங்குவது. தூதனின் கால்கள் அக்கினித் தூண்கள் என்று எழுதியிருக்கிறது. டியூரர் நிஜத் தூண்களையே நிறுத்தி அடியில் தீயைச் செதுக்கினார். மேகம் உடலாகவும் சூரியன் முகமாகவும் இருக்கின்றன. வண்ணம் கிடையாது, கறுப்புக் கோடு மட்டும். ருசியைக் கோட்டில் எப்படிக் காட்டுவது? அவர் ருசியைக் காட்ட முயலவே இல்லை. முழங்கால் போட்ட மனிதனின் வாயில் ஒரு முழுப் புத்தகத்தைத் திணித்துவிட்டார். பக்தி ஓவியத்தில் நாம் எதிர்பார்க்கும் அழகு அதில் இல்லை. சிரமம் இருக்கிறது. வேதத்தை நயமான பொருளாகச் சித்திரிக்கும் எல்லாப் படங்களையும்விட எனக்கு அது நெருக்கம்.

அதற்குப் பல தலைமுறைகளுக்கு முன், 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குய்கோ என்ற கார்த்தூசியத் துறவி வாசிப்பை உணவாக வைத்துப் படிகள் வகுத்தார். வாசிப்பு கவளத்தை வாயில் வைக்கிறது, தியானம் மெல்லுகிறது, ஜெபம் சுவையைப் பிழிகிறது, நான்காவதில் இனிமை. அழகான ஏணிதான். ஆனால் அவர் ஏணி இனிமையில் ஏறி நின்றுவிடுகிறது; யோவானின் வயிறு அதில் இல்லை.

இந்தக் குறை துறவிகளுக்கு மட்டும் உரியதில்லை, நம்மிடமும் உண்டு. புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் சபைக்குச் சபை வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். பல அட்டைகளும் வசனக் காலண்டர்களும் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் சிவகாசியிலேயே அச்சாகின்றன. புதிதாக வாங்கிய வீட்டுக்கு, பரீட்சை எழுதும் பிள்ளைக்கு, வெளிநாடு போகும் மகனுக்கு என்று ஒவ்வொருவரும் தன் அட்டையைப் பொருத்திப் பார்த்துப் பத்திரப்படுத்துகிறார்கள். அந்தப் பிரியத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனாலும் அட்டைக் கட்டு முழுக்கத் தேன். ஐயோ என்று தொடங்கும் வசனம் ஒன்றாவது அதில் வருவதில்லை. இதே சிவகாசியில்தான் 1858இல் ராக்லாந்து என்ற மிஷனரி இறந்தார். கேம்பிரிட்ஜில் பதவியில் இருந்தவர். 1854 முதல் வட திருநெல்வேலிக் கரிசல் கிராமங்களில் கூடாரம் போட்டுப் போட்டு ஊழியம் செய்தவர். நிலத்தில் விழுந்து சாகிற கோதுமை மணியைத் தன் வேலைக்கு அளவுகோலாக வைத்திருந்தார். அவர் வரலாற்றை ஏமி கார்மைக்கேல் எழுதியிருக்கிறார். தானியம் வாய்க்கு வருமுன் மண்ணுக்குப் போக வேண்டும் என்பதைக் கரிசலில் வைத்து யோசித்த மனிதர் என்பதால் எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை.

உண்ணும் உருவகத்தைக் கோவில்பட்டி வட்டாரத்தில் இருந்து வாசிக்கும்போது புலப்படுகிற சில விஷயங்கள் ஆற்றுப்பாசன ஊரில் புலப்படாது. மன்னாவை எடுத்துக்கொள்வோம். அது கொத்தமல்லி விதைபோல இருந்தது, தேனிட்ட பணியாரம்போல ருசித்தது என்று யாத்திராகமம் சொல்கிறது. பனி பெய்து, பனி மாறினதும் தரையில் கிடந்தது. விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம் பக்கத்துச் சம்சாரிகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். மானாவாரி மல்லி, ஐப்பசி கார்த்திகை மழையை மண் பிடித்து வைத்திருக்கும் ஈரத்திலும் மார்கழிப் பனியிலும்தான் தேறுகிறது. வடகிழக்குப் பருவமழை நின்ற பிறகு வானத்திலிருந்து அதற்குக் கிடைப்பது பனி ஒன்றுதான். வனாந்தரத்தில் பனியோடு சேர்ந்து மல்லி மணிகளாகக் கிடந்த ஆகாரம் என்ற வர்ணனையை எந்தக் கூட்டமும் நம்பும். இந்தக் கூட்டம் முகர்ந்தே பார்க்கும்.

மன்னாவின் இன்னொரு குணம் கடினமானது. மறுநாளைக்கு வைத்தால் புழு வைத்து நாறியது. ஓய்வுநாளைக்கு முந்தின நாள் எடுத்தது மட்டும் விலக்கு. குலுக்கை நிறையத் தானியம் போட்டு மூடி வைப்பதில்தான் ஒரு குடும்பத்தின் மானமே இருந்த ஊர் இது. சேமிக்கக் கூடாத ஆகாரம் என்பது இங்கே வெறும் வேதபாடமாகக் கேட்காது, பயமுறுத்தும். நேற்றுக் கேட்ட வார்த்தை இன்றைக்கு ஆகாது என்ற அர்த்தத்தின் முழுப் பாரமும் அந்தப் பயம் தெரிந்தவருக்குத்தான் தெரியும்.

ஏசாயாவின் 55ஆம் அதிகாரத்தில் மழையும் வார்த்தையும் சேர்கின்றன. வானத்திலிருந்து இறங்குகிற மழை பூமியை நனைத்து முளைக்கச் செய்யாமல் திரும்பாததுபோல என் வார்த்தையும் வெறுமையாகத் திரும்பாது என்ற பொருளில் போகிறது அது. அந்த வரிசையைக் கவனியுங்கள்: மழை, முளை, அப்புறம் விதைக்கிறவனுக்கு விதை, அதற்கும் அப்புறம்தான் உண்கிறவனுக்கு அப்பம். சம்சாரி வீட்டு வரிசையும் அதுவே. களத்திலிருந்து வந்ததில் விதைக்கென்று எடுத்து வைத்தது போக மிச்சம்தான் அடுப்புக்கு. பஞ்சத்திலும் விதைத் தானியத்தில் கை வைக்கத் தயங்கிய ஜனங்கள் இவர்கள். வார்த்தையும் அப்படியே, முதலில் அடுத்த விதைப்புக்கு. உண்கிறவனின் திருப்தி இரண்டாவது. ஆமோஸ் ஆடு மேய்த்தவர், காட்டத்தி மரங்களில் பாடுபட்டவர். ஒரு வயலில் பெய்து அடுத்த வயலில் பெய்யாமல் போன மழையை எழுதியிருக்கிறார். அந்த ஓரவஞ்சனை மழையைப் பார்க்காத கரிசல்காரர் உண்டா? அப்பப் பஞ்சமல்ல, வார்த்தையைக் கேட்கக் கிடைக்காத பஞ்சம் வரும் என்று எட்டாம் அதிகாரத்தில் அவர் சொல்லும்போது பஞ்சத்தைக் கண்டவரின் குரல் அது.

மழை பொய்த்த வருஷங்களில் இந்தப் பக்கத்துப் பெண்கள் வீடு வீடாகச் சோறு வாங்கி, ஒன்றாகச் சேர்த்து, ஊர் எல்லையில் ஒப்பாரி வைத்துக்கொண்டே உண்பார்கள். மழைச்சோறு என்று அதற்குப் பெயர். அழுகையும் உணவும் ஒரே வாயில் கலந்த சடங்கு. புலம்பல் எழுதிய சுருளை உண்ணச் சொன்ன காட்சியை அவர்களிடம் சொல்லியிருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

தாது வருஷப் பஞ்சத்தைத் தாண்டிவிட்டு இந்த உருவகத்தைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பஞ்சத்தில் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபைகளைத் தேடி வந்தார்கள். கால்டுவெல் ஆயராக அபிஷேகம் பெற்றது 1877இல், பஞ்சத்தின் நடுவில். விளாத்திகுளத்துக்குப் பக்கத்து நாகலாபுரத்திலும் மிஷன் இருந்தது. கஞ்சிக்கு வந்தவர்கள் என்ற பேச்சு அன்றைக்கே எழுந்தது, இன்றும் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சில் வருத்தம் உண்டு. மனுஷன் அப்பத்தினால் மாத்திரம் பிழைப்பதில்லை என்ற கருத்தை இயேசு எங்கே சொன்னார்? நாற்பது நாள் பட்டினி கிடந்து, பசி வந்த நேரத்தில், வனாந்தரத்தில். வெறும் வயிறோடு தன்னைப் பற்றிச் சொன்னார். அதே இயேசு ஐயாயிரம் பேர் பசித்திருந்தபோது அந்த வசனத்தைச் சொல்லவில்லை. உட்காரச் சொல்லிச் சோறு போட்டார். நிறைந்த வயிறு பசித்த வயிற்றுக்கு அதைச் சொன்னால் கொடுமை. பஞ்சத்தில் கஞ்சி ஊற்றியவர்களும் வாங்கிக் குடித்தவர்களும் வேதத்தின் ஒழுங்கை மீறவில்லை என்றே நான் எண்ணுகிறேன்.

அந்த ஐயாயிரம் பேருக்குக் கொடுத்தது வாற்கோதுமை அப்பம். நான்கு சுவிசேஷங்களில் யோவான் ஒருவர்தான் இதைக் குறிக்கிறார். வாற்கோதுமை அங்கே ஏழைகளின் தானியம், நமக்குக் கம்பும் குதிரைவாலியும் இருந்த இடத்தில். மறுநாள் கப்பர்நகூமில் அதே ஜனங்களிடம், நானே அப்பம், என் மாம்சத்தை உண்ண வேண்டும் என்கிறார். வார்த்தை மாம்சமானது என்று முதல் அதிகாரத்தில் எழுதிய யோவானுக்கு, ஆறாம் அதிகாரத்தில் அந்த மாம்சத்தை உணவாக்குவது அடுத்த எட்டு. எரேமியாவிலும் எசேக்கியேலிலும் சுருளாக இருந்தது இங்கே ஆளாக வந்து நிற்கிறது. நேற்று வயிறாரத் தின்றவர்களில் அநேகர் இன்று, இது கடினமான பேச்சு என்று திரும்பிப் போகிறார்கள். ஏரிக்கரையில் தேன், ஜெபஆலயத்தில் கசப்பு. ஒரே இரவு இடைவெளி.

உண்டவர்கள் யார் என்று தேடினால் நான் கரிசல் கிராமத்துச் சின்னச் சபைகளைத்தான் காட்டுவேன். அங்கே உபதேசியார் வாசிப்பார்; எதிரே தரையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். காதால் வாங்கி மனப்பாடம் செய்தார்கள். 23, 91, 121ஆம் சங்கீதங்களைத் தட்டுத் தடங்கல் இல்லாமல் சொல்லும் பாட்டிமாரைக் கேட்டிருக்கிறேன். கையில் புத்தகம் கிடையாது, கொடுத்தாலும் வாசிக்கத் தெரியாது. களையெடுக்கும்போதும், தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்கும்போதும் உதடு அசைந்துகொண்டிருக்கும். சாவு வீட்டில் அவர்கள் சொல்லும் வசனம், பிரசங்க மேடையில் கேட்கிற அதே வசனமாக இருந்தாலும் அதன் கனம் வேறு. சங்கீதத்தின் இனிப்பை அவர்கள் தங்கள் பிள்ளைகளைப் புதைத்த வயிற்றில் வைத்திருந்தார்கள்.

கோவில்பட்டிக்குப் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியை நினைக்காமல் தீராது. தமிழகம் வந்த தொடக்க ஆண்டுகளில் வீரமாமுனிவர் பணி செய்த ஊர் அது. 3,615 பாட்டில் தேம்பாவணி பாடியவர், வேதச் செய்தியை முதலில் இப்படிப்பட்ட கரிசல் ஜனங்களின் பேச்சுக்கு நடுவில்தான் சொல்லிப் பழகியிருக்கிறார். அங்கே பரலோக மாதாவின் திருவிழா ஆகஸ்ட் 15. கத்தோலிக்கத் திருவழிபாட்டு நாள்காட்டியில், இரட்டைப்படை வருஷங்களில் பொதுக்காலத்தின் 19ஆம் வாரச் செவ்வாய்க்கு எசேக்கியேல் சுருளை உண்ணும் பகுதி முதல் வாசகம். 2024இல் அது ஆகஸ்ட் 13, திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு. நிலம் வெடித்துக் கிடக்கும் பருவம். யோவான் புத்தகத்தை உண்ணும் பகுதி 33ஆம் வார வெள்ளிக்கு வருகிறது. அதே ஆண்டில் அது நவம்பர் 22, கார்த்திகை தொடங்கிக் கரிசல் காலைப் பிடித்துக்கொள்கிற பருவம். வறட்சியில் ஒன்று, ஈரத்தில் ஒன்று. இந்த ஊருக்கென்று திட்டமிட்டு வைத்ததில்லை என்று தெரிந்தும் எனக்கு அந்தப் பொருத்தத்தில் சந்தோஷம்.

குறையும் உண்டு. இரண்டு நாளுக்கும் பதிலுரைப் பாடல் 119ஆம் திருப்பாடலே. திரும்பத் திரும்பச் சொல்லும் பல்லவி, வாக்கு நாவுக்கு எவ்வளவு இனிமை என்பதே. எசேக்கியேலுக்கு அது சரி. ஆனால் நவம்பரில் வயிறு கசந்தது என்று வாசித்து முடித்த கையோடு இனிமை இனிமை என்று பாடினால் யோவான் அரும்பாடுபட்டுச் சேர்த்துவைத்த பாதி காற்றோடு போய்விடுகிறது. ஆகஸ்டு வாசகமும் மூன்றாம் அதிகாரத்தின் நான்காம் வசனத்தோடு நிற்கிறது. கசந்த மனமும் ஏழு நாள் திகைப்பும் அதற்குக் கீழே வருபவை. வாசகத்தின் எல்லையை மாற்ற வாசகருக்கு உரிமை இல்லை. மறையுரை செய்பவருக்கு உண்டு. அவர் வேதாகமத்தைத் திறந்து பதினேழாம் வசனம்வரை வாசித்துக் காட்டலாம். அங்கேதான் ஏழு நாள் முடிந்து, உன்னைக் காவற்காரனாக வைத்தேன் என்ற கட்டளை வருகிறது. வரப்போகும் ஆபத்தை ஜனங்களுக்குச் சொல்லாமல் விட்டால் அவர்கள் இரத்தப்பழி உன்மேல் என்ற எச்சரிக்கையும் அடுத்த வசனத்தில் சேர்ந்தே இருக்கிறது. சுருளை எதற்காகத் தின்னக் கொடுத்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் அந்தப் பத்தியில்தான் இருக்கிறது.